நல்லவர்கள் ஷூ போடுவதில்லை

படக்காரருக்குக் கொம்பு வரும், வால் வரும், சிறகு வரும், ஏழு தலைப் பாம்பு வரும். ஷூ மட்டும் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை ஷூ வரையச் சொன்னார்கள். இவர் நாக்கைத் துருத்திக்கொண்டு பாடுபட்டு வரைந்ததை வாத்தியார் தூக்கிப் பார்த்து, "ரொட்டி ரொம்ப நல்லா வந்திருக்கு. ஷூ எங்கே?" என்று கேட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவர் வரைந்த எந்தக் காலிலும் ஷூ ஏறவில்லை.

இத்தனைக்கும் குழந்தைகளுக்கான மாயக்கதைப் புத்தகங்களுக்குப் படம் போடுவதுதான் அவர் பிழைப்பு. கதை எழுதுவது கூடப்பிறந்த அக்கா. கீழ் வீட்டில் அக்கா எழுதுவாள், மாடியில் தம்பி வரைவார். தம்பியைக் கூப்பிட வேண்டுமென்றால் அக்கா துடைப்பக் கட்டையால் கூரையில் இரண்டு இடி இடிப்பாள். அந்த இடியில் மாடியில் மைப் புட்டி ஒரு குதி குதித்து உட்காரும்.

முதல் புத்தகத்தில் ஒரு சிறுமி தனியாகக் காட்டுக்குள் போவாள். 'முழங்கால் வரை தோல் பூட்ஸ் மாட்டிக்கொண்டாள்' என்று அக்கா எழுதியிருந்தாள். தம்பி கொண்டுவந்த படத்தில் சிறுமி வெறுங்காலோடு நின்றாள்.

"டேய், பூட்ஸ் எங்கேடா?"

"அக்கா... ரொட்டி."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அக்கா பெருமூச்சு விட்டுவிட்டு அந்த வரியை அடித்தாள். அதற்கு மேலே, 'மண்ணைத் தொடுகிற காலுக்குத்தான் காடு வழி சொல்லும்' என்று எழுதினாள். கூடப்பிறந்த பாவத்துக்குச் செய்த உதவி அவ்வளவுதான். ஆனால் அந்த வரி பிய்த்துக்கொண்டு போனது. பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லி ஆடினார்கள். அடுத்த புத்தகத்தில் வெறுங்காலோடு வருகிறவர்களிடம் மட்டும்தான் ஆறு பேசியது. அதற்கடுத்ததில் கெட்டவர்கள் வந்தார்கள், அவர்களுக்கெல்லாம் இரும்பு பூட்ஸ். படக்காரர் அங்கேயும் தப்பித்தார். கறுப்பு மையில் இரண்டு உருண்டை போட்டு நிறுத்திவிட்டார். கெட்டவன் காலில் இருந்தால் உருண்டைகூடப் பயங்கரமாகத்தான் தெரியும்.

இப்படியாக நல்லவர்களுக்கு வெறுங்கால், கெட்டவர்களுக்குப் பூட்ஸ் என்று ஒரு சட்டமே உருவாகிவிட்டது. நூலகத்தில் ஒரு பேராசிரியை அம்மா இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ஷூ என்பது பயம், வெறுங்கால் என்பது நம்பிக்கை, ஷூ போட்டவன் பூமியை மிதிக்கிறான், வெறுங்காலோடு நடப்பவள் பூமியைத் தொடுகிறாள் என்றெல்லாம் அழகாகவே பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த படக்காரர், மனைவி பாலிஷ் போட்டுக் கொடுத்த பளபளா ஷூவை நாற்காலிக்கு அடியில் இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?" என்று அந்த அம்மா கேட்க, இவர் திருதிருவென்று விழித்து, "அது... தானா வந்தது" என்றார். ஒரே கைதட்டல். அக்காவுக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே ஓடிவிட்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வாண்டு பள்ளிக்கூடத்தில் சேரும் வரைக்கும்.

வாண்டு அவருடைய ஒரே மகள். அதற்கு எழுத்து இன்னும் தெரியாது, படம் தெரியும். அப்பா போட்ட படம் அத்தனையும் மனப்பாடம். பள்ளிக்கூடத்திலோ கறாராகச் சொல்லிவிட்டார்கள், ஷூ இல்லாமல் வந்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான் என்று. வாண்டு ஷூ போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றது. வாங்கிவைத்த புது ஷூ ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது, ஒரு நாள் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் கிடைத்தது, பிறகு கிடைக்கவே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், படக்காரரின் மனைவிக்கு ஷூ கடையில்தான் வேலை. அதுவும் குழந்தைகள் பிரிவில்.

"நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைங்க காலைப் பிடிச்சு மாட்டிவிடுறேன். என் பிள்ளை காலைப் பிடிக்க முடியல" என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏன்டி போட மாட்டேங்கிற?"

"நல்லவங்க ஷூ போட மாட்டாங்க. அப்பா புஸ்தகத்துல பாரு."

"அப்போ ஷூ விக்கிற நான் யாருடி?"

வாண்டு கொஞ்சம் யோசித்தது. அம்மா மனம் நோகக் கூடாது என்ற எண்ணம் முகத்தில் தெரிந்தது. "நீ நல்லவதாம்மா. கெட்டவங்களுக்கு விக்கிறே. அவ்வளவுதான்."

மனைவி படக்காரர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க போட்ட படம்தானே? நீங்களே சரி பண்ணுங்க. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள ஒரே ஒரு நல்லவ காலுக்காவது ஷூ மாட்டிவிடுங்க. இல்லாட்டி நீங்களே அவளுக்கு வீட்டுல பாடம் நடத்துங்க."

படக்காரர் கீழே இறங்கி அக்கா முன்னால் போய் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"ஏண்டா, காடு, ஆறு, மலைன்னு இவ்வளவு தூரம் வெறுங்கால்லயே வந்தாச்சு. அந்தம்மா ஒரு மணி நேரம் பேசினாங்களே, அதெல்லாம் என்னடா ஆகும்?"

"உன் மருமக பள்ளிக்கூடம் போக வேணாமாக்கா?"

மருமகள் என்றதும் அக்கா உருகிவிட்டாள். எழுதிக்கொண்டிருந்த கதையின் கடைசிப் பக்கத்தை மாற்றினாள். சிறுமி வீட்டுக்குக் கிளம்பும்போது, காடே அவளுக்கு ஒரு ஜோடி சிவப்பு ஷூ கொடுக்கிறது. அவள் அதைப் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறாள்.

"கொஞ்சம் சுலபமான ஷூவா எழுதேன்க்கா."

"சுலபமான ஷூ எப்படிடா இருக்கும்? ரொட்டி மாதிரியா?"

படக்காரர் மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டார். முதல் ஷூ ரொட்டியாகவே வந்தது. இரண்டாவது படகு. மூன்றாவது முட்டையில் உட்கார்ந்திருக்கும் கோழி. அதற்குக் கண் மட்டும் வைத்தால் போதும், இன்னொரு புத்தகத்துக்கு ஆகும். பார்த்து வரையலாம் என்றால் அவருடைய ஷூ சிறுமி காலுக்கு ஆகாது, வாண்டுவின் ஷூ எங்கே இருக்கிறதென்று வாண்டுவுக்கு மட்டும்தான் தெரியும். அது வாயைத் திறப்பதாக இல்லை.

கடைசியில் மனைவியே பரிதாபப்பட்டு, கடையில் சொல்லிவிட்டு, அலமாரியில் பார்வைக்கு வைத்திருந்த குழந்தை ஷூ ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சிவப்பு, மேலே ஒட்டும் பட்டை, நுனியில் ஒரு சின்னப் பூ. "கறை படாம திருப்பிக் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

படக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கோடு கோடாக இழுத்தார். அடித்தார், அழித்தார், மறுபடி இழுத்தார். மதியம் தாண்டியதும் காகிதத்தில், சத்தியமாக, ஒரு ஷூ உட்கார்ந்திருந்தது. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. தூர வைத்துப் பார்த்தார், தலைகீழாக வைத்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் ஷூ. அந்தச் சந்தோஷத்திலேயே பக்கத்துக் காலுக்கும் அதையே பார்த்து இன்னொன்று போட்டார்.

"வந்துடுச்சு! அக்கா, வந்துடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சலுக்கு, கீழேயிருந்து துடைப்பக் கட்டை இரண்டு இடி பதில் சொன்னது.

சாயங்காலம் மனைவி வீட்டுக்கு வந்து கைகழுவிக்கொண்டிருந்தபோது, அவர் படத்தை எடுத்து வாண்டுவின் மடியில் வைத்தார். "பார்த்தியா? காட்டுச் சிறுமி ஷூ போட்டுட்டா. நல்லவளும் போடலாம்."

வாண்டு வெகுநேரம் பார்த்தது. ஷூவை விரலால் தடவியது. பிறகு மெதுவாகக் கேட்டது: "அப்பா, இவளுக்கும் மாறிப்போச்சா?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த மனைவிக்கு உடனே விளங்கிவிட்டது. நாள் முழுக்கக் காலையே பார்க்கிறவள் அல்லவா? அவள் கடையில் ஒவ்வொரு ஜோடியிலும் இடது ஷூவை மட்டும்தான் பார்வைக்கு வைப்பார்கள். வலது உள்ளே பெட்டியில் தூங்கும், யாரும் ஜோடியாகத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று. அந்த ஒற்றை ஷூவைப் பார்த்துத்தான் மனிதர் இரண்டு காலுக்கும் வரைந்திருக்கிறார்.

"ஐயோ, என்னங்க இது! ரெண்டும் இடது கால்!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வாண்டு சட்டென்று படத்தில் இருந்த கால்களைத் தன் உள்ளங்கையால் மூடியது. "சிரிக்காதேம்மா! அவ பாவம்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னைக்குக் கடையிலயும் நீ சிரிச்சே. நான் நானாவே போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீதான் முதல்ல சிரிச்சே."

மனைவிக்கு அது மறந்தே போயிருந்தது. ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லையென்று வாண்டுவைக் கடைக்குக் கூட்டிப்போயிருந்தாள். அது தானாகவே ஒரு ஜோடி ஷூவை எடுத்து, இடது வலது மாற்றி மாட்டிக்கொண்டு, ராணி மாதிரி கடைக்குள் நடந்து வந்தது. 'ஷூ கடைக்காரி பொண்ணுக்கே எது எந்தக் கால்னு தெரியல பாருங்க' என்று இவள் சிரிக்க, வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் மறந்துவிட்டார்கள். நல்லவர்கள் ஷூ போடுவதில்லை என்று வாண்டு கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

 படக்காரர் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. அப்பாவுக்கு ஷூ வரைய வராது. அதான் எல்லாருக்கும் வெறுங்கால்."

"நிஜமாவா?"

"நிஜமா. வரைஞ்சா ரொட்டி மாதிரி வரும். சின்ன வயசுல எல்லாரும் சிரிச்சாங்க."

வாண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "எனக்குப் போட வராதுப்பா."

 வேறு ஒன்று போட்டுத் தருகிறேன் என்று அவர் படத்தை எடுக்கப் போனார். வாண்டு விடவில்லை. "இதையே வை. இவதான் எனக்கு வேணும்." கீழே கொண்டுபோய்க் காட்டியபோது அக்கா ஒன்றும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'எது எந்தக் காலுக்கு என்று காடு கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை' என்று ஒரு வரி சேர்த்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில், காணாமல்போன ஷூ அரிசி டப்பாவுக்குள்ளிருந்து வெளியே வந்தது. வாண்டு வாசலில் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தானே மாட்டியது. பட்டையை ஒட்டியது. எழுந்து நின்றது. இரண்டு காலும் ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தன.

மனைவி பழக்கதோஷத்தில் முட்டி போட்டுக் கையை நீட்டிவிட்டாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு நொடியில் மாற்றி மாட்டிவிட்ட கை அது. பாதி வழியில் நின்றது. அவள் எழுந்து, தன்னுடைய ஷூவைக் கழற்றி, இடதை வலதில் போட்டு, வலதை இடதில் போட்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துப் படக்காரரும் குனிந்தார்.

மூன்று பேரும் தெருவில் இறங்கினார்கள். கீழ் வீட்டு ஜன்னலிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "என்னடா, குடும்பத்தோட வாத்து மாதிரி போறீங்க?" என்று கத்தினாள். படக்காரருக்குக் கால் சுண்டுவிரலில் உயிர் போனது.

தெருமுனை வந்ததும் வாண்டு நின்று, குனிந்து, அம்மாவின் காலை உற்றுப் பார்த்தது.

"அம்மா, உனக்கு மாறிப்போச்சு."

"அப்படியா? எனக்குத் தெரியலடி."

வாண்டு அவள் கையைப் பிடித்து இறுக்கிக்கொண்டது.

"பரவாயில்லம்மா. நான் இருக்கேன்ல, யாரும் சிரிக்க மாட்டாங்க."