பேராசிரியர்கள் முன்னால் ஃபெயிலாகும் உத்தியோகம்

பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் வேலை பார்த்தால் ஒன்று புரிந்துவிடும்: பரீட்சை பயம் மாணவர்களோடு முடிந்துபோகிற வியாதி இல்லை.

பவானிபூரில் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் எங்கள் பயிற்சி மையம். கல்லூரிகளிலிருந்து விரிவுரையாளர்கள் வருவார்கள். தொடுதிரைப் பலகையை எப்படி இயக்குவது, ஆன்லைனில் எப்படி வகுப்பு எடுப்பது, பின்தங்கிப்போகிற பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடித்துப் பேசுவது, இதெல்லாம்தான் பாடம். பேசிப் பழக ஒரு மாணவி வேண்டாமா? அது நான். பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும்தான் என் படிப்பு. பெண் பெங்களூருக்கும் பிள்ளை புனேவுக்கும் வேலைக்குப் போன பிறகு, சுவாமி விளக்கை ஏற்றிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளை எதிர் ஃப்ளாட் ரூமா கூட்டிக்கொண்டு போனாள். அவள்தான் அங்கே பயிற்சி கொடுப்பவள். அறையைத் திறக்க வேண்டும், பூட்ட வேண்டும், மாணவி தேவைப்படும்போது மாணவியாக உட்கார வேண்டும். அங்கே எல்லோருக்கும் நான் மாஷிமா, அதாவது சித்தி. அவர்கள் வங்காள மொழியில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

உங்களையும் ஆபீஸில் 'ட்ரெய்னிங்' என்று உட்கார வைத்து, கடைசி நாளில் பரீட்சையும் வைத்திருப்பார்கள். அப்படியானால் என் பயம் உங்களுக்குப் புரியும். இந்தத் தடவை அதிகம் பயந்தது ஷர்மிஷ்டாவுக்காக. பூகோளம் எடுக்கிறவள். நிரந்தர வேலை இல்லை, ஒவ்வொரு செமஸ்டரும் கூப்பிட்டால்தான் உண்டு. போன குழுவில் கடைசிப் பரீட்சையில் தோற்றுவிட்டாள். பூஜை விடுமுறைக்கு முன்னால் பாஸாகாவிட்டால் அடுத்த செமஸ்டர் வகுப்பு கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வகுப்பில் அருமையாகப் பேசுவாளாம். ஆனால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து மார்க் போட்டால் பேச்சு நின்றுவிடும்.

கார்டியன் யார்?

கம்ப்யூட்டரில் பொய்யாக ஒரு வகுப்பு உண்டாக்கி, ஆபீஸில் இருக்கிற எங்களையெல்லாம் அதில் மாணவர்களாகச் சேர்த்துவிடுவார்கள். வீட்டுப்பாடம் அனுப்பாதவர் பெயர் தானாகச் சிவப்பாகிவிடும். சிவப்பான பிள்ளைக்கு விரிவுரையாளர் கனிவாக ஒரு செய்தி எழுத வேண்டும். "மாஷிமா, நீங்க ஒண்ணும் அனுப்பாதீங்க, சிவப்பாவே இருங்க" என்றாள் ரூமா. இருந்தேன்.

மறுநாள் கரியாஹாட் சந்தையில் புடலங்காயைக் கையில் எடுக்கிறேன், போன் மணியடிக்கிறது. 'அன்புள்ள மாணவி, உங்கள் எதிர்காலம் எனக்குக் கவலையளிக்கிறது.' கத்தரிக்காயிடம் போவதற்குள் இன்னொன்று: 'இதுவே கடைசி எச்சரிக்கை.' பொய் வகுப்பு என்று தெரியும். தெரிந்தும் கொத்தமல்லி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். குழுவில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஷர்மிஷ்டாவிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. எழுதுவதும் அழிப்பதுமாக ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

போனை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். ரயில்வே ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர், எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிப்பார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படித்து முடித்து, ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "ஏண்டி, கார்டியனை அழைச்சுண்டு வரவும்னு ஒருத்தர் போட்டிருக்காரே, நான் வரணுமா, இல்லே பெங்களூர்லேர்ந்து பொண்ணை வரச்சொல்லட்டுமா?"

தட்டினால் ஓடும் ஐரோப்பா

பட்டாச்சார்யா சார் சரித்திரம் எடுப்பவர், குழுவிலேயே மூத்தவர். முக்கியமான இடம் வந்தால் விரல் கணுவால் கரும்பலகையை டொக்கென்று தட்டுவது அவர் வழக்கம். தூங்குகிற பையனும் எழுந்துவிடுவானாம். தொடுதிரைப் பலகைக்கு அது தெரியுமா? பிரெஞ்சுப் புரட்சிப் படத்தைப் போட்டுவிட்டு, "இதைக் கவனிங்க" என்று டொக்கென்று தட்டினார். நெப்போலியன் வந்துவிட்டான். "உன்னை யார் கூப்பிட்டது?" என்று இன்னொரு தட்டு. ரயில் எஞ்சின் வந்தது. அப்புறம் உலகப் போர். பொறுக்க முடியாமல் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தார். திரை முழுக்க இருட்டு.

எனக்கு உயிரே போய்விட்டது. அறைச் சாவி என்னிடம் இருக்கிறது, பலகை உடைந்தால் முதலில் என்னைத்தானே கேட்பார்கள்? முருகா முருகா என்று நான் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இருந்த ஷர்மிஷ்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி சில்லிட்ட கை. "அவருக்கே இந்தக் கதின்னா எனக்கு?" என்று முணுமுணுத்தாள். ரூமா வந்து ஏதோ பொத்தானை அழுத்த, பலகை பிழைத்துக்கொண்டது. சார் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருஷத்தில சிலபஸை நேரத்துக்கு முடிச்சது இன்னிக்குத்தான், மாஷிமா."

கேட்காமலே சொல்லுகிற வாய்

பின்தங்கின பிள்ளையோடு பேசுகிற பயிற்சிக்கு எனக்கு ஒரு அட்டை தருவார்கள். அதில் என் கஷ்டம் எழுதியிருக்கும். ஒரு நாள் நான் ரியா என்கிற பெண். அம்மா படுத்த படுக்கை, வீட்டுச் சமையல் முழுக்க நான், அதனால்தான் கல்லூரிக்கு வருவதில்லை. கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'ஆசிரியர் சரியான விதத்தில் கேட்டால் மட்டும் சொல்லவும்.'

பட்டாச்சார்யா சார் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கீ ஹோலோ?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்டார், அவ்வளவுதான். அம்மா படுத்திருக்கிறாள் என்றேன். சமையலில் ஆரம்பித்து, அட்டையில் இல்லாத கஞ்சி, மருந்து எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லி, முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த அட்டையிலும் இதே கதை, அதற்கடுத்ததிலும். சாயங்காலம் ரூமா என்னைத் தனியே கூப்பிட்டாள். "மாஷிமா, நிஜப் பிள்ளைங்க தரையைப் பார்த்துட்டு ஒண்ணுமில்லேன்னு சொல்லும். உங்க கிட்ட பழகிட்டுப் போனா இவங்க எல்லாரும் வெளியில தோத்துடுவாங்க. பரீட்சை அன்னிக்கு மட்டுமாவது, தயவுபண்ணி, கொஞ்சம் கல்நெஞ்சா இருங்க."

விளக்கு வேளையில் மைக்

ஆன்லைன் பயிற்சி சாயங்காலம் வைத்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து ஷர்மிஷ்டாவின் வகுப்பில் உட்கார வேண்டும். பாவம், கறுப்புக் கட்டங்களைப் பார்த்து அவளே கேள்வி கேட்டு அவளே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "யாராவது இருக்கீங்களா?" என்று அவள் கேட்டபோது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எனக்கு விளக்கு ஏற்றும் நேரம். போனைப் பூஜை அலமாரி மேலேயே வைத்துவிட்டு, வழக்கம்போல் வாய்விட்டே சுவாமியிடம் சொல்லிக்கொண்டேன். முருகா, அந்தப் பெண் ஷர்மிஷ்டாவுக்கு வாயைத் திறந்துவிடு, அவளுக்கு வேற போக்கில்லை, ஷர்மிஷ்டா பாஸாகணும், ஷர்மிஷ்டாவுக்கு வகுப்பு கிடைக்கணும். கூடவே ஒரு மணியும் அடித்தேன்.

திரும்பிப் பார்த்தால் போனில் எல்லா முகமும் வெளிச்சத்துக்கு வந்து என்னையே பார்க்கிறது. மைக்கை அணைக்காமல் விட்டிருக்கிறேன். கும்பிட்ட கையைப் பிரிக்கக்கூடத் தோன்றவில்லை. ஷர்மிஷ்டாதான் மெல்லக் கேட்டாள்: "மாஷிமா, எனக்குத் தமிழ் தெரியாது. ஆனா என் பேர் திரும்பத் திரும்ப வந்தது, கடைசியில மணியும் அடிச்சுது. திட்டினீங்களா, திதி கொடுத்தீங்களா?"

டீக்கடைக்குப் போன பரீட்சை

பரீட்சை நாள். தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டும் சத்தம். பின் வரிசையில் இரண்டு பரீட்சை அதிகாரிகள், மடியில் மார்க் தாள். ஒருவர் ஒல்லியான மனிதர், இன்னொருவர் பெரிய பொட்டு வைத்த அம்மாள். ஷர்மிஷ்டா பலகையைத் திறந்தாள், கங்கை கடலில் சேரும் இடத்தைக் காட்டினாள், நதியும் சரியான பக்கமே ஓடியது. இனி பின்தங்கின மாணவியோடு பேச வேண்டும். போன தடவை அவள் தோற்ற இடம் அதுதான். என் கையில் ரியா அட்டை. கல்நெஞ்சு, கல்நெஞ்சு என்று ஜபித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"உடம்பு சரியில்லையா?" என்றாள். இல்லை என்றேன். "பாடம் புரியலையா?" ஒண்ணுமில்லை என்றேன். அதோடு அவளுக்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. ஒல்லி மனிதர் பேனா மூடியைத் திறந்தார். எனக்கு நாக்கு நுனியில் எல்லாம் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அது கேள்விக்கு வந்த பதில் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், திறக்காவிட்டாலும் அவள் போச்சு. அப்போது அவள் பலகையை விட்டு நகர்ந்து வந்து, என் பெஞ்சிலேயே, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு என்ன கேக்கறதுன்னு தெரியலை. இங்க மூச்சு முட்டுது. ஒரு டீ குடிச்சுட்டு வரலாமா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் என் கையைப் பிடித்து எழுப்பி, பரீட்சை அறையை விட்டு வெளியே நடந்தாள்.

வாசலில் டீக்கடை. மண் குவளையில் டீ வந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. சூடாக இருக்கிறது என்று என் குவளையை மட்டும் தன் துப்பட்டா நுனியில் பிடித்துக் கொடுத்தாள். கல்நெஞ்சு அங்கேயே கரைந்தது. அம்மா படுக்கை, சமையல், கல்லூரி எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டு, "வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு வகுப்பில்லை. அப்போ வந்தா விட்டதெல்லாம் சேர்ந்து படிச்சுடலாம்" என்றாள். அதற்குள் ரூமா செருப்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக ஓடிவந்தாள். "ரெண்டு பேருக்கும் பைத்தியமா? மேலே பரீட்சை காலி பெஞ்சுக்கு நடக்குது!"

கட்டம் இல்லாத மார்க்

மேலே போனோம். பேசியது எதுவும் அதிகாரிகள் காதில் விழவில்லை. சாட்சிக்கு நான் ஒருத்திதான். பெரிய பொட்டு அம்மாள் என்னைக் கேட்டார்: "மாணவி விஷயத்தைச் சொன்னாளா?" சொன்னாள் என்றேன். "அவங்க கேட்டு சொன்னாளா, தானா சொன்னாளா?" ஷர்மிஷ்டா தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது ஒரு பெண்ணின் பிழைப்பு. ஆனால் தினம் விளக்கு ஏற்றுகிற வாயால் எப்படிச் சொல்வது?

"கேக்கலை. நானே சொன்னேன்" என்றேன். ஏன் என்றார். "எல்லாரும் எதிர்ல உக்காந்து கேட்டா. இவ பக்கத்துல உக்காந்தா." இரண்டு பேரும் தாளைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். 'கேள்வி கேட்கும் திறன்' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், கேட்காமலே வரவழைப்பதற்குக் கட்டம் இல்லையாம். ஒல்லி மனிதர் ஸ்கேல் கேட்டு வாங்கி, தாளின் ஓரத்தில் கோடு போட்டு ஒரு கட்டம் வரைந்து, அதில் மார்க் போட்டார். பாஸ். ஷர்மிஷ்டா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், என் ஜாக்கெட் நனைந்தது.

முழுதாகச் சந்தோஷப்பட விட்டார்களா? வெளியே போகுமுன் 'வகுப்பு முடிந்தது' என்கிற பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தாததால் அன்றைக்கு ஆசிரியர் வரவே இல்லை என்று மெஷின் எழுதிக்கொண்டுவிட்டது. அந்தப் பகுதியை மட்டும் விடுமுறைக்குப் பிறகு செய்து காட்ட வேண்டும், அதுவரை கல்லூரியில் அவள் வகுப்பை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அம்மாள் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்று பையை எடுத்தேன். ரூமா கதவை மறித்து நின்றாள். "லக்ஷ்மி பூஜை முடிஞ்சதும் வந்துடுங்க மாஷிமா, மெஷினை ஓட்டிக் காட்ட ஒரு சிவப்பு மாணவி வேணும்."

ஆசிரியர் பாஸாகிற வரைக்கும் மாணவி ஃபெயிலாகிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் முழுச் சட்டம்.