சுவரில் நின்ற பஸ்

ஷோபனா படவேட்டுக்காரி. ஓவியத்தில் டிப்ளமோ வாங்கி, ஜவ்வாது மலையில் புளியங்காட்டூர் பள்ளிக்குப் பகுதிநேர ஓவிய டீச்சராக ஸ்கூட்டியில் ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளுடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டால் கொடுத்துவிடுவாள். கேட்காவிட்டாலும் அவரே எடுத்துக்கொள்வார். அவள் வரைந்ததைப் பற்றி அந்த மலையில் யாரும் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் நன்னடத்தை அலுவலர் சிவசங்கர் இரண்டு பையன்களைக் கொண்டுவந்து விட்டார். நவீன்குமார், கலையரசன். ஊரில் ராத்தங்கும் ஒரே அரசு பஸ்ஸை விடிகாலையில் கிளப்பிக்கொண்டு போய், வளைவில் ஒரு புளியமரத்தின் மேல் சாய்த்துவிட்டு வந்தவர்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றோடு ஊருக்கு பஸ் நின்றுபோயிற்று.

"ஓவியம் கத்துக்கணும்னு கோர்ட்டு உத்தரவு மேடம். மனசு பண்படுமாம்," என்றார் சிவசங்கர்.

"இன்னா தோணுதோ வரைங்க," என்றாள் ஷோபனா. இருவரும் பஸ் வரைந்தார்கள். பூ வரையச் சொன்னாள். பூப்போட்ட பஸ் வந்தது. மலை வரையச் சொன்னாள். மலை உச்சியில் பஸ் நின்றது. அவளுக்கு அலுத்துவிட்டது.

"ஊரு பஸ்ஸை எடுத்தீங்க இல்ல? திருப்பிக் குடுங்க," என்று பஸ் ஸ்டாப்பை ஒட்டிய நீளச் சுவரைக் காட்டினாள்.

நிஜ அளவிலேயே மஞ்சள் பஸ் எழும்பியது. ஜனங்கள் முதலில் திட்டத்தான் வந்தார்கள். புளி வியாபாரம் பண்ணும் குப்பம்மாள், "பஸ்ஸைக் கவுத்துட்டு படமா காட்றீங்க?" என்று கத்தினாள். கொஞ்சம் நின்று பார்த்தாள். "ஏன் காலியா கீது? என்னைப் போடு. ஜன்னல் சீட்டு. நடுவுல உக்காந்தா எனக்கு வாந்தி வரும்."

அவ்வளவுதான், ஊரே ஏறியது. "மச்சான் பக்கத்துல என்னைப் போட்டீங்கன்னா நான் எறங்கிடுவேன்," என்றார் தேவராஜ். ஒருவர் சுவரில் ஆணியடித்துத் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். பார்வையிட வந்த சிவசங்கர், "படியில தொங்கறாங்களே, அது குற்றமாச்சே. உள்ள தள்ளுங்க மேடம்," என்றார். தள்ளினார்கள்.

அன்று படவேட்டுக்குத் திரும்பிய ஷோபனா, அம்மா சாந்தம்மாளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே ஏனோ அழுகையும் வந்தது. தான் சொல்லிக்கொடுத்த ஒரு படத்துக்காக ஜனங்கள் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை.

ஊரார் மனு மேல் மனு போட்டதில் பஸ் திரும்ப வந்தது. வந்தது, ஆனால் நிற்கவில்லை. "அதான் முன்னாடி வண்டி நிக்குதே, அதுல ஏறுங்க!" என்று கத்திவிட்டுப் போய்விட்டார் டிரைவர் பஞ்சாட்சரம். மறுநாளும் அப்படியே.

சுவருக்கு வெள்ளையடிக்கலாம் என்றார்கள் சிலர். ஆனால் பிடித்த சீட்டை விட யாருக்கும் மனசில்லை.

"டீச்சர், நம்ம வண்டிய பஞ்சராக்கிடலாம்," என்றான் நவீன்குமார். பின் சக்கரத்தைக் கழற்றி வைத்த மாதிரி வரைந்து, அடியில் ஒரு ஜாக்கியும் போட்டான்.

அடுத்த நாள் பஸ் நின்றது. பஞ்சாட்சரம் உதவிக்கு ஸ்பானரோடு இறங்கி வந்து, சக்கரத்தைத் தொட்டார். சுவர். "அடப்பாவிங்களா!" என்று அவர் திரும்புவதற்குள் மொத்த ஊரும் நிஜ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தது.

பயிற்சிக் காலம் முடிந்த அன்று சிவசங்கர் கேட்டார், "மனசு பண்பட்டுச்சா தம்பி?"

"பண்பட்டுச்சு சார்," என்றான் கலையரசன். "ஆனா இன்னும் பஸ்ஸுதான் வருது."

அதற்குப் பிறகும் இருவரும் ஷோபனாவிடம் வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் மலையில் இன்னும் மேலே இருக்கும் மேலூரிலிருந்து அன்பரசன் என்ற சாமை விவசாயி நடந்தே வந்தார். "எங்க ஊருக்கு பஸ்ஸே வந்ததில்ல டீச்சர். ஒண்ணு வுடுங்க."

ஷோபனா பையன்களைப் பார்த்தாள்.

"எத்தினி மணிக்கு வேணும்?" என்று கேட்டான் கலையரசன்.

"காலைல எட்டு மணி வண்டி போதும்," என்றார் அவர்.