கோபுரத்துக்கு முன்னால் ஒரு கருவாட்டுக் கூடை

எண்பதுகளின் தொடக்கம், ஐப்பசி முதல் வாரம். எந்தப் பத்திரிகையிலும் சம்பளம் இல்லாமல், கடற்கரை, சாப்பாடு, சுற்றுச்சூழல் என்று கிடைத்ததை எழுதிக்கொண்டிருந்தேன். மரக்காணத்துக் கருவாடு கடலே இல்லாத திருவண்ணாமலைப் பக்கம் எப்படிப் போய்ச் சேர்கிறது? இதைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

கருவாடு விற்கும் அஞ்சலையம்மா கூட வரச் சம்மதித்தார். காலை ஐந்தே காலுக்கு மரக்காணத்தில் பஸ். திண்டிவனத்தில் மாறி, செஞ்சி வழியாகக் கீழ்பென்னாத்தூர். சுமார் 85 கிலோமீட்டர், ஆளுக்கு ஐந்து ரூபாய் அறுபது காசு. கூடை பஸ் கூரையில். உள்ளே வைத்தால் கண்டக்டர் எங்களையும் கூரைக்கு அனுப்பியிருப்பார்.

"காசுக்கு விக்கிறது கம்மி சார். நான் கருவாடு குடுப்பேன், அவங்க வேர்க்கடலை குடுப்பாங்க. செக்குல குடுத்து ஆட்டிக்கினு போனா மூணு மாசத்துக்கு வீட்டுக்கு எண்ணெ. பதினோரு மணிக்குள்ள போயிடணும். லேட்டானா வேற ஆளு வந்து மாத்திக்கினு பூடும்."

மழைக்காலத்துக்குக் கருவாடு சேர்த்துவைக்கும் நேரம், கடலையும் பிடுங்கி முடிந்த நேரம். ஆண்டுக்கு இந்த ஒரு நடைதான் என்றார்.

ஒன்பது மணிக்குக் கீழ்பென்னாத்தூர். அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. திருவண்ணாமலை இன்னும் பதினெட்டே கிலோமீட்டர். கோபுரத்துக்கு முன்னால் கூடையோடு ஒரு படம் எடுத்தால் கட்டுரையை நிச்சயம் போடுவார்கள், பத்தரைக்குத் திரும்பிவிடலாம் என்றேன்.

"படம் இருந்தாதான் கட்டுரை வருமா சார்?"

ஆமாம் என்றேன். என் பிழைப்பைக் கெடுக்க மனசில்லாமல் அவர் இறங்காமல் உட்கார்ந்துவிட்டார்.

திருவண்ணாமலையில் ஒரே மேகமூட்டம். கூடையைத் திறந்ததும் பூக்காரம்மா ஒருவர் சத்தம் போட்டார்: "ஏம்மா, சாமி வாசல்ல கருவாடா? மூடிக்கினு அப்பால போங்க!" மூன்று முறை இடம் மாற்றினோம். வெயிலுக்காகக் காத்திருந்தோம். நான் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அஞ்சலையம்மா பஸ் போகும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றே காலுக்கு வெயில் வந்தது. படமும் நன்றாக வந்தது.

கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பி வந்து இறங்கும்போது பன்னிரண்டு இருபது. வேறு ஊர்க் கருவாட்டுக்காரர்கள் வந்து கடலையை மாற்றிக்கொண்டு போயிருந்தார்கள். குப்பம்மாள் என்ற வாடிக்கைக்காரர் மட்டும் ஒரு மரக்கால் கடலை எடுத்து வைத்திருந்தார்.

"ஏன்டி அஞ்சல, இம்மா நேரம்? எவ்ளோ நேரம்னு புடிச்சு வெக்கிறது?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அஞ்சலையம்மா முந்திக்கொண்டார். "பஸ்ஸு கெட்டுப்போச்சுக்கா." என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. எண்ணெய்க்கு நான் ஏதாவது தருகிறேன் என்று பஸ்ஸில் முனகினேன். "கட்டுரை வரட்டும் சார்" என்று மட்டும் சொன்னார்.

இப்படிப் பயணம் போக நினைப்பவர்களுக்கு: விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள், செஞ்சியில் டிபனை முடித்துவிடுங்கள். யாருடைய வேலையைப் பார்க்கப் போகிறீர்களோ, அவர் இறங்கும் இடத்தில் நீங்களும் இறங்கிவிடுங்கள். கோபுரம் எங்கேயும் போய்விடாது.

கட்டுரையை வெட்டிவிட்டார்கள், படம் மட்டும் அரைப் பக்கத்துக்கு வந்தது. கூடை நிறைய இருப்பதுதான் படத்துக்கே அழகு என்று ஆசிரியர் பாராட்டினார். அன்று மாலை மரக்காணத்தில் இறக்கும்போதும் அந்தக் கூடை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.