மணல்வெளிப் பாதுகாப்புச் சங்கம்

ஒரு சங்கத்தின் செயலாளராக இருந்து என் சொந்தச் சித்தப்பாவை வீட்டைவிட்டு வெளியேற்றியவன் நான். அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்தேன். வயதைக் காட்டித் தப்பிக்க விருப்பமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பர் துபாயில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கார்கள் நிறுத்தும் மணல்வெளி ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலைகளில் அந்தக் கார்களுக்கு நடுவே கிரிக்கெட் ஆடுவோம். கேப்டன் மூன்றாம் மாடி மலையாளிப் பையன், எங்களைவிடப் பெரியவன், நியாயஸ்தன். பக்கத்துக் கட்டடத்துப் பையன்களையும் சேர்த்துக் கலந்துதான் அணி பிரிப்பான். அதனால் ஆள் கூடிப்போய், என் முறை வருவதற்குள் ஜும்மா தொழுகைக்கு பாங்கு சொல்லிவிடும், ஆட்டமும் முடிந்துவிடும். ஒரு வெள்ளை வேனுக்குப் பின்னால் ஃபீல்டிங் நிற்பதுதான் என் வேலை. அங்கிருந்து பந்து தெரியாது. வேனில் எழுதியிருந்த சலவைக்கடை விளம்பரம் எனக்கு மனப்பாடம்.

இந்த மனக்குறையோடு நான் இருந்த நேரத்தில்தான் ஜெர்மனி வந்து சேர்ந்தது.

சித்தப்பா எங்கள் ஹாலில், பீரோவுக்குப் பின்னால் பிளைவுட் அடித்த தடுப்புக்குள் குடியிருந்தார். மீனா பஜாரில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். ஊரில் வரலாற்றில் எம்.ஏ. முடித்தவர். புடவை வாங்க வருகிறவர்கள் யாரும் அவரிடம் வரலாறு கேட்பதில்லை. ஆகவே வாரமெல்லாம் சேர்ந்ததை, வெள்ளிக்கிழமை சட்டைகளுக்கு இஸ்திரி போடும்போது என் தலையில் இறக்குவார். அவர் ஆய்வேடு எழுதியது, முதல் உலகப்போருக்கு முந்தைய ஜெர்மனியில் இருந்த தீவிர தேசியவாதச் சங்கங்களைப் பற்றி.

"வாத்தியாரு, குமாஸ்தா, ரிட்டயர்டு ஆபீசருன்னு எல்லாரும் கூடிக் கூடிச் சங்கம் வச்சாங்கடா. கப்பற்படைக்கு ஒண்ணு. காலனி புடிக்க ஒண்ணு. கிழக்குப் பக்கம் போலிஷ்காரன் நிலத்தப் புடுங்க ஒண்ணு. கவர்மெண்டு நாலு கப்பல் கட்டறேன்னா, இவங்க எட்டு கட்டுன்னு கத்துவாங்க. எட்டுக்கு ஒத்துக்கிட்டா, பதினாறு கேக்காதவன் துரோகிம்பாங்க. கடைசில கைசருக்கே தேசபக்தி பத்தலைன்னுட்டாங்க. அந்த மனுசன் அவ்ளோ பெரிய மீசை வச்சிருந்தும்!"

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "கேட்டது கிடைச்சுதா சித்தப்பா?"

"நிறையவே கிடைச்சுது. ஆனா அதுக்கப்புறம்... ஐயய்யோ, கடைச் சட்டைடா!"

காலர் கருகிவிட்டது. கதையின் பின்பாதியும் அதோடு போயிற்று. எனக்கு முன்பாதியே போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரமே சங்கம் பிறந்தது. கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையை வட்டமாக வெட்டி பேட்ஜ் செய்தோம். நான் செயலாளர். இரண்டாம் மாடிப் பையன் என்னைவிடச் சின்னவன், ஆனால் தொண்டை பெரியது, ஆகவே அவன் தலைவர். பக்கத்துக் கட்டடத்தார் எங்களுக்குப் பிறகே பேட் பிடிக்க வேண்டும் என்றேன் நான். பேட்டே பிடிக்கக்கூடாது என்றான் அவன். செயலாளர் பின்தங்கலாமா? மணலிலேயே கால் வைக்கக்கூடாது என்றேன். அவர்கள் அப்பாக்களின் கார்கூட நிற்கக்கூடாது என்றான். இருவரும் சேர்ந்து கேப்டனைத் துரோகி என்றோம். அவன் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"எடா, எனக்குக் களிக்கணும். நீங்க போய் நாத்தூர்கிட்ட சொல்லு."

களிக்கணும் என்றால் அவன் மலையாளத்தில் விளையாட வேண்டும் என்று அர்த்தம். நாத்தூர் என்பது கட்டடக் காவல்காரர். எங்கள் நாத்தூர் ஒரு வயதான பட்டாணியர், காலையில் கார்களும் கழுவுவார். அவருக்கு ஞாபகசக்தி கிடையாது என்பது என் முடிவு. சித்தப்பா தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, "சலாம், மெஹ்மான் சாப்" என்பார். விருந்தாளி ஐயா என்று அர்த்தம். நேற்றுத்தான் வந்தவரைக் கேட்பதுபோல, "எப்போது வந்தீர்கள்?" என்றும் கேட்பார். சித்தப்பாவும் சளைக்காமல், "நேற்றுத்தான்" என்பார். இது இரண்டு வருடமாக நடந்துவந்தது.

நாத்தூர் எங்கள் கோரிக்கையைக் காதில் வாங்காமல் கார் கழுவிக்கொண்டே இருந்தார். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, லிஃப்டைப் பார்க்கக் கட்டட முதலாளியின் ஆபீஸ்காரர் வந்தார். சங்கம் சும்மா இருக்குமா? "பாஹர்வாலே, பாஹர்!" என்று கோஷம் போட்டோம். வெளியாட்களே, வெளியே போங்கள்!

ஆபீஸ்காரர் என்ன விஷயம் என்றார்.

"குச் நஹி சாப், பச்சே ஹைன்" என்று ஈரத்துணியோடு ஓடிவந்தார் நாத்தூர். ஒன்றுமில்லை, சின்னப் பையன்கள்.

சின்னப் பையன்கள் சரியாகத்தானே சொல்கிறார்கள் என்றார் ஆபீஸ்காரர். எந்த வீட்டில் யார் யாரைத் தங்கவைத்திருக்கிறார்கள் என்று இப்போதே பார்த்துவிடலாம் என்று லிஃப்டில் ஏறினார். நானும் பெருமையோடு கூடவே ஏறினேன். எங்கள் சங்கம் சொல்லி ஒரு பெரியவர் செய்த முதல் காரியம் அது.

எங்கள் வீட்டுக் கதவு திறந்தபோது சித்தப்பா லுங்கியில், இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்றார். அப்பா காய்கறி வாங்கப் போயிருந்தார்.

"இவர் யார்? வெளியாளா?"

"மெஹ்மான் ஹை சாப், கல் ஆயா" என்றார் படியேறி ஓடிவந்த நாத்தூர், மூச்சு வாங்க. விருந்தாளி, நேற்று வந்தவர்.

"ஹான் ஹான், மெஹ்மான்" என்றாள் அம்மா, தனக்குத் தெரிந்த மொத்த இந்தியையும் செலவழித்து.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் சித்தப்பா வெளியாளா? பேட்ஜ் குத்திய நெஞ்சை நிமிர்த்தி, பள்ளிக்கூட இங்கிலீஷில் முழங்கினேன். இவர் வெளியாள் இல்லை, இரண்டு வருடமாக இங்கேயேதான் இருக்கிறார். நம்பாவிட்டால் பாருங்கள் என்று தடுப்பின் திரையையும் இழுத்துக் காட்டினேன். கட்டில், தலையணை, ஊர் மளிகைக்கடைக் காலண்டர், கொடியில் பனியன் எல்லாம் இருந்தன.

சித்தப்பா இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டார். இன்னொரு காலர் கருகும் வாசனை வந்தது.

தடுப்பு அடித்து ஆள் வைப்பது குத்தகைக்கு விரோதமாம். அப்பா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அந்த வாரமே பிளைவுட்டைப் பிரித்தார்கள். சித்தப்பாவுக்கு துபாயின் மறுகரையில், தேராவில் ஒரு பேச்சலர் ரூமில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு கிடைத்தது. மணல்வெளிக்கும் சங்கிலி வந்தது. வெளியாட்கள் வரக்கூடாது என்பதற்காகத்தான். ஆனால் கிரிக்கெட்டும் கூடாதாம். கேப்டன் என்னைத் தேடி மாடிப்படிக்கு வந்து மட்டையை நீட்டினான். "இந்தா, நீயே அடி."

கிளம்பும்போது சித்தப்பா இஸ்திரிப் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். பேச வேறு எதுவும் தோன்றாமல், "அந்த ஜெர்மனிக்காரங்களுக்கு அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"கேட்டதுதான் கிடைச்சுதேடா, இன்னும் என்னாகணும்?" என்று சொல்லி என் தலையில் செல்லமாகக் குட்டினார். அந்தக் குட்டு அன்று எனக்கு வலிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தார், கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு, இப்போது முறையான விருந்தாளியாக. வாசலில் நாத்தூர் எழுந்து நின்று அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மெஹ்மான் என்று சொல்லவில்லை. எப்போது வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. பெயரைச் சொல்லி "பாய்" என்று, சகோதரனைப்போல, கூப்பிட்டார். பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.

"நாத்தூருக்கு இப்பத்தாம்மா சித்தப்பா யாருன்னு ஞாபகம் வந்திருக்கு!" என்று நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு மூடி, இதை முதலில் நாத்தூருக்குக் கொடுத்துவிட்டு வா என்றாள். வீட்டில் விருந்தாளி காத்திருக்கும்போது காவல்காரருக்கு எதற்கு முதல் சோறு என்று முணுமுணுத்துக்கொண்டே நான் படியிறங்கினேன்.