செங்கம் ரோட்டில் ஒரு ‘பொஃப்’

எழுபத்தொன்பதாம் வருஷம், கார்த்திகைக் கூட்டம் வடிந்த சமயம். காலை ஆறு மணிக்குப் பாண்டிச்சேரியில் பஸ் ஏறினேன். திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட் ஏழு ரூபாய். பிரெஞ்சில் எம்.ஏ. முடித்துவிட்டு டியூஷன் எடுத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். அடி அண்ணாமலை சுற்றுவட்டாரத்தில் நடவுப் பாட்டுகளைப் பதிவு செய்யும் ஒரு பிரெஞ்சு அம்மாள், மொழிபெயர்க்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பியிருந்தேன். இரண்டு வருஷ வேலை. ஊர் ஊராகப் போய்ப் பாட்டுக் கேட்கச் சம்பளமும் கொடுத்தால் கசக்குமா?

கீழ்பென்னாத்தூர் தாண்டும்வரை வாய்க்குள்ளேயே ஒத்திகை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த சிநேகிதன், என் பிரெஞ்சு பாதிரியார் பிரசங்கம் மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்திருந்தான். நாம் ‘வந்து’, ‘ம்ம்’ போடுகிற மாதிரி நடுநடுவே ‘ஆலோர்’, ‘ஆன்ஃபென்’, ‘பொஃப்’ போட்டால்தான் இயல்பாக இருக்குமாம். எதை எங்கே போடுவது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் நான் மந்திரம் ஜபிப்பதாக நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தார்.

பத்தரை மணிக்குச் செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி, அந்த அம்மாள் வாடகைக்கு இருந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். பேச்சு நன்றாகவே போனது. ஆலோரும் ஆன்ஃபென்னும் வழுக்கிக்கொண்டு வந்தன. கடைசியில், இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். உள்ளுக்குள் துள்ளியது. பறக்காவெட்டி மாதிரித் தெரியக் கூடாதே என்று, சிநேகிதன் செய்து காட்டியபடி தோளைக் குலுக்கி, “பொஃப்... ஆமாம்” என்றேன். அவர் தகவல் அனுப்புவதாகச் சொல்லி டேப் ரிக்கார்டரை மூடினார்.

வாசல்வரை வந்த, அவருக்குச் சமைத்தும் போடும் வீட்டுக்கார அம்மாவிடம், அவர் பாஷை தெரியாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சும்மாதான் கேட்டேன்.

“பாஷை என்னாங்க பாஷை. புடிச்சா தட்டைக் காலி பண்ணிடுவாங்க. புடிக்கலைன்னா தோளைத் தூக்கி ‘பொஃப்’னுடுவாங்க. நேத்து கத்திரிக்கா கொழம்புக்கும் அதேதான்.”

 திரும்பி உள்ளே போய், வேலை பிடித்துத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாமென்று கதவருகே போனேன். அர்த்தம் தெரியாமல் சொன்ன வார்த்தை என்றால், தெரியாதவனுக்கு மொழிபெயர்ப்பு வேலை எதற்கு என்று கேட்பாரே? வெட்கம் பிடுங்கித் தின்றது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். தகவல் வரவேயில்லை. அன்றைக்கு அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

திரும்பும் பஸ்ஸில், காலடியில் வேர்க்கடலை மூட்டையோடு ஒரு விவசாயி. வேலை விஷயமாக வந்தேன் என்றதும், “போன காரியம் காயா பழமா, சார்?” என்றார்.

யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு “ப்ச்” தானாக வந்தது. அவர் மூட்டையை நகர்த்தி, நான் கால் நீட்ட இடம் விட்டார்.