குட்டி போட்ட ஒன்பதாம் நாள்

பட்டுச்சேலை

மணப்பெண்ணின் சேலை முழங்காலுக்குக் கீழே நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் குதிரை லைலா இன்னும் வாலைத் தூக்கியபடிதான் நின்றது. குதிரை லாயத்து வேலை என்றால் ஜம்மென்று சவாரி போகிற வேலை என்று நினைப்பவர்கள் அந்தச் சேலையை வந்து மோந்து பார்த்திருக்க வேண்டும். ஆடு மாடு வளர்த்து, அதனாலேயே ஒரு கல்யாணத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராத சகபாவிகளே, உங்களுக்காவது புரியும்.

நான் ஜெபின். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தோவாளைக்குப் பக்கத்தில் சாகுல் மாமாவின் லாயத்தில் சேர்ந்தவன். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுவது தொழில். லைலா பெட்டை, சுல்தான் காயடித்த ஆண். அவ்வளவுதான் எங்கள் படை. லைலா குட்டி போட்டு அன்றைக்கு ஒன்பதாம் நாள். குட்டியோடு போட்டோ எடுக்க வேண்டும் என்று பெண்வீட்டார் ஆசைப்பட்டார்கள். மாப்பிள்ளையைச் சுல்தான் மேல் ஏற்றி, பெண்ணை லைலாவின் பின்பக்கமாக நிறுத்தினார் போட்டோக்காரர். சுல்தானைக் கண்டதும் லைலா பின்னங்கால்களை அகட்டியது, வாலை ஒதுக்கியது, மூத்திரத்தைப் பீய்ச்சி அடித்தது. சுற்றி நின்றவர்கள் பின்னால் துள்ளினார்கள். போட்டோக்காரர் மட்டும் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"சிரிங்க மேடம், வீடியோ ஓடிட்டிருக்கு."

நாற்பது

சாகுல் மாமாவின் மனைவி மும்தாஜ் மாமி, கோட்டாற்றுக்காரர். பெற்றவள் நாற்பது நாள் படியிறங்கக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். லைலாவுக்கும் அதே சட்டம்தான். வெந்தயக் கஞ்சி வந்தது, குடித்தது. உளுந்தங்களி வந்தது, மிதித்தது. சாம்பிராணி காட்டினார், தும்மியது. போட்டோ எடுக்க வெளியே கொண்டுபோனதே மாமிக்குத் தெரியாது.

சேலைக் கதையைச் சொன்னபோது மாமி நம்பவில்லை. நேரில் பார்க்க வந்தார். சுல்தான் வேலிக்கு அந்தப் பக்கம் சும்மா புல் தின்றுகொண்டிருந்தது. லைலா போய் அதன் முன்னால் திரும்பி நின்று மறுபடி அதே வேலையைச் செய்தது. குட்டி அப்போதும் பால் குடித்துக்கொண்டிருந்தது. மாமி துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை எடுத்ததும் மாமி லைலாவிடம் கேட்டார்:

"ஏட்டி, பச்ச ஒடம்பு. பிள்ள மடியில தொங்குகு. நாப்பது கழியல்ல. ஒனக்கு வெக்கமே இல்லியா?"

மாட்டாஸ்பத்திரி

அன்றைக்கே குட்டிக்கும் வயிற்றால் போனது. தாய்க்குப் பைத்தியம், பிள்ளைக்குக் கழிச்சல் என்று முடிவுகட்டி, மாட்டாஸ்பத்திரி டாக்டர் அக்காவைக் கூட்டிவந்தேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. குட்டி வயிற்றில் இருக்கும்வரை புரொஜெஸ்டிரோன் மாதிரியான ஹார்மோன்கள் பருவத்தை அடக்கி வைக்குமாம். குட்டி விழுந்ததும் அவை சரசரவென்று இறங்கும். முட்டை வளரும், ஈஸ்ட்ரோஜன் ஏறும், ஒரு வாரம் பத்து நாளில் குதிரை பருவத்துக்கு வந்துவிடும். பால் கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் தடையே இல்லை. குட்டிக்குக் கழிச்சலும் இதே நாட்களில்தான் வரும், தானே நிற்கும். குட்டி தாயின் லத்தியைத் தின்பதும் வழக்கம்தான் என்றார். அதை நான் கேட்டிருக்கவே வேண்டாம்.

பிறகு ஸ்கேன் பார்த்தார். முகம் மாறியது. குட்டி போட்ட அன்று நஞ்சுக்கொடி உடனே விழாமல் சிக்கி, நேரங்கழித்துத்தான் விழுந்திருந்தது. அதனால் கர்ப்பப்பையில் இன்னும் அழுக்கு நீர் கிடந்தது. முட்டை வெளியே வந்ததும் புரொஜெஸ்டிரோன் திரும்ப ஏறி, கர்ப்பப்பை வாசலைப் பூட்டிவிடும். அதற்குள் கழுவ வேண்டும். இந்தப் பருவத்தில் ஆண்குதிரையைச் சேர்த்தால் அழுக்கு உள்ளேயே சீழாகும், லைலா பிழைப்பதே சந்தேகம். மூன்று வாரத்தில் அடுத்த பருவம் வரும், அதுவரை பொறுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு சாகுல் மாமா கெஞ்சினார்:

"டாக்டரம்மா, அந்த லத்தி சமாச்சாரத்த மட்டும் என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிராதீங்க."

கணவர் பெயர்

புரொஜெஸ்டிரோன் ஏறிவிட்டதா என்று பார்க்க டாக்டர் அக்கா லைலாவின் ரத்தத்தை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் பிச்சிப்பூக் கூடைகளுக்கு நடுவே அதை மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் போனேன். மனிதர்களுக்கான லேப்தான். அங்கிருந்த அக்கா தலை நிமிராமல் கேட்டார்.

"பேஷன்ட் பேரு?"

"லைலா."

"டெலிவரி ஆயாச்சா?"

"ஒம்பது நாளாச்சு."

"ஹஸ்பண்ட் பேரு?"

"தெரியாது. லாரியில வந்துட்டுப் போயிட்டு."

அக்கா நிமிர்ந்தார். "பிள்ளை எப்படி இருக்கு?"

"பிறந்த அன்னைக்கே எழும்பி ஓடிட்டு." உள்ளதைத்தான் சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். குதிரை என்று சொன்னதும் குழாயை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார்:

"சார், இனி பேருக்கு முன்னாடி எத்தன காலுன்னு கேக்கணும் போலுக்கு!"

மினி லாரி

ரிசல்ட் வந்தது. புரொஜெஸ்டிரோன் இன்னும் ஏறவில்லை. நாளைக் காலை கழுவ வருகிறேன் என்றார் டாக்டர் அக்கா. நான் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். சாகுல் மாமா காதில் விழுந்தது ஒன்றுதான்: முட்டை இன்னும் வெளியே வரவில்லை, இப்போதே சேர்த்தால் சினை பிடிக்கும். உடனே பணகுடிக்காரருக்குப் போன் போட்டார். அவருடைய ஆண்குதிரையை அடுத்த வாரம் வெளிமாநிலத்துக்கு விற்கப்போகிறார்கள். அப்படி ஒரு குட்டி இனி கிடைக்காது என்பது மாமாவின் கணக்கு. தலையாட்டிய அதே மனிதர்!

அன்று சாயங்காலமே மினி லாரி வந்து நின்றது. அதிலிருந்து கனைப்பு, உள்ளேயிருந்து லைலா பதில் கனைப்பு. "பொண்ணே கூப்பிடுகா, பெறவென்ன?" என்றார் பணகுடிக்காரர். நான் லாயத்துக் கதவைப் பூட்டி அதில் சாய்ந்து உட்கார்ந்தேன். "லைலா செத்துப்போவும் மாமா. டாக்டரக்கா சொல்லும்போ நீங்களும் நின்னீங்கல்லா?" என்றேன். "நான் கண்ட குதிரைய நீ கண்டியாலே?" என்று பாய்ந்தார். சத்தம் கேட்டு மாமி வந்தார். ஹார்மோன் கதை அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நாப்பது கழியாம ஒருத்தனும் உள்ள போவப்படாது" என்றார். பணகுடிக்காரர் லாரிக் கதவை அடைத்துவிட்டு, மாமாவை அண்ணன் முறை வைத்து, "காக்கா, உம்ம லாயத்துல முதலாளி யாருன்னு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடும்" என்றார். மாமாவின் முகம் கறுத்தது. மாமியைச் சொல்ல முடியாதே, என்னைப் பார்த்துக் கத்தினார்:

"ஏலே, கடைசியாட்டு சொல்லுகேன். கதவத் தொற. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

நான் கதவையும் திறக்கவில்லை, மறுநாள் டாக்டர் அக்கா கழுவ வந்தபோது லைலாவைப் பிடித்துக்கொள்ள வேலைக்கு வராமலும் இருக்கவில்லை.