ராக்குன்னா கல்லு

பாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்காத வாரத்துலதான் பாட்டு டீச்சருக்கு உத்தியோகம். இந்தத் தொழில்ல இருந்தவங்க இதைப் படிச்சுட்டுத் தலையாட்டுவீங்க.

எழுபதுகளோட கடைசியில, அரியலூர் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல நான் தற்காலிக டீச்சர். ஆண்டு விழாவுல பிள்ளைங்க பாடலேன்னா பாட்டை எடுத்துட்டுத் தையல் வச்சிடுவேன்னு தாளாளர் சொல்லிட்டார். எனக்குத் தையல் தெரியாது. என் சம்பளத்துலதான் வீட்டுல உலை கொதிச்சுது.

ஏழாம் கிளாஸோ சரளி வரிசைக்கு வாயே திறக்காது. அந்த நேரம் பார்த்து சிங்கப்பூர்லேருந்து வந்த எங்கண்ணன் டேப் ரிக்கார்டரும் ஒரு கேசட்டும் கொடுத்தான். ‘ஸ்பேஸ் ராக்’னு பேராம். கிடார் இழுக்கும், டிரம் உருளும், நடுவுல ஏதோ மிஷின் ஆகாசத்துக்கு ஏறுற மாதிரி ஊளையிடும். எனக்குப் பிடிச்சுப் போச்சு. பிடிச்சதைத்தானே சொல்லிக்கொடுக்க முடியும்?

வீட்டுப்பாடம்

"நாளைக்கு ராக் கேக்கப் போறோம். ராக்குன்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க"ன்னேன். பிள்ளைங்க நேரா இங்கிலீஷ் வாத்தியார்கிட்ட போயிருக்குதுங்க.

மறுநாள் கிளாஸ் முழுக்கக் கல்லு. சுண்ணாம்புக்கல் வெட்டுற ஊருல கல்லுக்கா பஞ்சம்? சிப்பி பதிஞ்ச கல்லு, நத்தை சுருண்ட கல்லு, ஒண்ணுமே இல்லாத வெறுங்கல்லு. கல்லங்குறிச்சி செல்வி ரெண்டு கல்லை என் மேஜைமேல வச்சுட்டுக் கேட்டா: "இதுல எந்தக் கல்லு டீச்சர் பாடும்?"

மேலே போனவர்

கிளாஸ்ல பிளக் கிடையாது. பேட்டரி கட்டை போட்டுத்தான் பாட்டு. அதுவும் பழைய கட்டை. பாதியிலேயே பாட்டு இழுக்க ஆரம்பிச்சு, பாடுறவர் குரல் எருமை கத்துற மாதிரி ஆயிடுச்சு. எனக்கு அவமானமாப் போச்சு. பிள்ளைங்க மட்டும் அசையாம கேட்டுக்கிட்டிருந்துதுங்க.

அடுத்த வாரம் புதுக் கட்டை போட்டுக் காட்டினேன். ஒருத்தரும் ஒத்துக்கல. செல்விதான் எனக்கு விளக்கம் சொன்னா: "அன்னிக்கு ரொம்ப தூரம் போயிட்டாரு டீச்சர், அதான் மூச்சு வாங்குச்சு. இன்னிக்கு இன்னும் கெளம்பவே இல்ல."

புகார்

ஆகாசத்துலேருந்து ஏதோ ஒடஞ்ச விண்கலம் விழப்போகுதுன்னு பேப்பர்ல போட்டு, ஊரே அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்த சமயம் அது. செல்வியோட அம்மா வேலையை விட்டுட்டு வந்து நின்னாங்க. பொண்ணு வீட்டுல வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக்காட்ட, மாமியார் கட்டிலுக்கடியில போயிட்டாங்களாம்.

வெறும் பாட்டுதான்னு சொல்லி, போட்டும் காட்டினேன். முழுசும் கேட்டாங்க. முந்தானையை உதறிச் செருகிக்கிட்டுச் சொன்னாங்க: "எதுவா இருந்தாலும் சரி, எங்க வூட்டு மேல மட்டும் விழாம பாத்துக்குங்க டீச்சர்."

ஆண்டு விழா

விழாவுல மைக் செட்டோட டேப்பைச் சேர்த்து, கூடவே பிள்ளைங்க பாடணும்னு ஏற்பாடு. மேடை ஏறினதும் கரண்டு போயிடுச்சு. கரண்டு இருக்கேன்னு பேட்டரி கட்டையும் எடுத்துட்டு வரல. முன்வரிசையில தாளாளர். என் கண்ணு முன்னால தையல் மிஷின்தான் தெரிஞ்சுது.

செல்வி பாவாடை மடிப்புலேருந்து அந்த ரெண்டு கல்லையும் எடுத்துத் தட்டினா. மத்ததுங்க அடித்தொண்டையில ‘ஊ’ன்னு ஆரம்பிச்சு, ஏறி, உச்சிக்குப் போய், அப்புறம் எல்லாமாச் சேர்ந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்குச்சுங்க. தீர்ந்த கட்டையில கேட்டது அப்படியே, ஒரு இழுப்பு பிசகாம. எனக்கு அழுகை வந்துடுச்சு. சுருதி சுத்தமா இருந்துச்சு, அதான்.

தாளாளர் எழுந்திரிச்சு மேடைக்கிட்ட வந்தார். "என்ன பாட்டுன்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல டீச்சர். ஆனா கரண்டும் வேணாம், மைக்கும் வேணாம், கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குது. அடுத்த வருசமும் நீங்களே இருங்க."

நான் சின்ன வயசுலேருந்து கத்துக்கிட்ட சங்கீதம் காப்பாத்தாத வேலையை, தீர்ந்துபோன பேட்டரி கட்டை காப்பாத்திக் கொடுத்துச்சு.